நாலாவது மைக்கில் நின்ற தமாவோ

டோக்கியோவின் நகானோவில் இருந்த அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஃபுசாயே வாளியைக் கைதவற விட்டுவிட்டாள். தகர வாளி. நிலவறையின் சிமெண்டுத் தரை. போதாததற்குப் பதிவு அறையின் வெளிக்கதவை அவள் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே ஏதோ ஒரு அனிமே கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளி உருண்ட உருட்டல் அடங்கியதும், தாழ்வாரத்து ஒலிபெருக்கியில் குரல் இயக்குநர் ஹதானோவின் சத்தம் கேட்டது.

"யார் அது? என்ன விழுந்துச்சு?"

ஃபுசாயே வாளியை எடுத்து நிமிர்த்தினாள். அன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டாள். அப்போது உள்ளிருந்து ஒரு பெண்குரல், பதற்றமே இல்லாமல், "நான்தான் சார். தண்ணி பாட்டில் கைநழுவிடுச்சு. மன்னிக்கணும்" என்றது.

"பாட்டிலா? கூரை இடிஞ்ச மாதிரி இருந்துச்சேம்மா."

"கொஞ்சம் பெரிய பாட்டில் சார்."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். வேலை தொடர்ந்தது. இடைவேளையில் ஒரு பெண் வெளியே வந்து, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு, தன் கைத்துண்டை எடுத்துத் தரையில் கொட்டிக் கிடந்த தண்ணீரின் ஒரு ஓரத்தைத் துடைத்தாள். துண்டைப் பிழிந்து வாளியில் ஊற்றினாள்.  தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள்தான் தமாவோ.

மறுநாள் காலை ஃபுசாயே தெருமுனை ஜிஸோ சாமிக்கு வழக்கமாக வைக்கும் ஒரு மிட்டாய்க்குப் பதில் இரண்டு வைத்தாள். ஒன்று தனக்காக, இன்னொன்று அந்தப் பெண்ணுக்காக. சாமியின் சிவப்புக் கழுத்துத் துணி நனைந்திருந்தது. அதையும் பிழிந்து கட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

தமாவோவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தொட்டோரிப் பக்கம் பேரிக்காய்த் தோட்டங்கள் நிறைந்த ஒரு மலையடிவாரத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு டோக்கியோவுக்கு வந்தாள். பகலில் சோற்றுப் பொட்டலக் கடையில் மீன் பொரித்தாள், மாலையில் குரல் பயிற்சிக்குப் போனாள். அவளுக்குக் கிடைத்த வேடங்களைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கதாநாயகியின் தோழி, தோழியின் தோழி, கடைக்காரி, மாணவி மூன்று, பேருந்தில் தும்மும் பெண். பல படங்களில் அவளுக்குப் பெயரே இல்லை.

பதிவு அறையில் நான்கு மைக் வரிசையாக நிற்கும். நடுவில் உள்ள இரண்டு கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும். ஓரத்தில் இருக்கும் நாலாவதுதான் தமாவோவுக்குச் சொந்தம் மாதிரி. பெரிய காட்சிகள் முடிந்த பிறகு, சந்தை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று பின்னணியில் கேட்கும் சனக்கூட்டத்தின் சலசலப்பை நாலைந்து பேர் அங்கே நின்று பேசிப் பதிவு செய்வார்கள். அதற்கு வசனம் எழுதித் தரமாட்டார்கள். வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். எது பேசினாலும் யார் காதிலும் தெளிவாக விழப்போவதில்லை.

மைக் முன் நிற்பவர்கள் சரசரக்கும் துணி உடுத்த மாட்டார்கள். தாளைத் திருப்பினால் சத்தம் வரக்கூடாது. தமாவோ பதினைந்து வருஷமாகத் துணிச்செருப்பே போட்டுப் பழகியவள். அதனால் வெளியிலும் அவள் நடப்பது யாருக்கும் கேட்காது. ஃபுசாயே கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, டீ இருக்கா?" என்பாள். ஃபுசாயேவுக்குத் தூக்கிவாரிப் போடும்.

"ஒரு மணி கட்டிக்கிட்டு வாங்கம்மா. எனக்கு நெஞ்சு தாங்காது."

"மணி கட்டினா மைக் முன்னால நிக்க விடமாட்டாங்களே அக்கா."

இப்படித்தான் பழக்கம் வளர்ந்தது.

வருஷந்தோறும் செப்டம்பரில் தமாவோ பெயருக்குக் கூடத்தின் விலாசத்தில் ஒரு பெட்டி பேரிக்காய் வரும். பிரித்துக் கழுவி, தோல் சீவி, எல்லோருக்கும் தட்டில் வைப்பது ஃபுசாயேவின் வேலை. முதல் வருஷம் பெட்டியைத் திறந்தபோது மேலாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மடிக்காமல் வைத்த சீட்டு. கண்ணுக்கு நேரே கிடந்தால் கண் என்ன செய்யும்?

"ஐந்தாம் வாரம், மீன் சந்தை. தொண்டை கட்டியிருக்கிறது என்றாய். பேரிக்காயைத் தேனோடு வேகவைத்துச் சாப்பிடு. கொட்டகையில் இன்னும் ஒரே நாற்காலிதான். கென்சாகு."

ஃபுசாயேவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீன் சந்தைக்கு இவள் எப்போது போனாள்? யார் இந்தக் கென்சாகு? ஒரு நாற்காலி இருந்தால் என்ன, ஒன்பது இருந்தால் என்ன?

அன்றிலிருந்து தாழ்வாரத்து ஒலிபெருக்கியின் கீழேயே அவளுக்குத் துடைக்க நிறைய இருந்தது. சனக்கூட்டம் பதியும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். சாமி அவளுக்குப் படிப்பைக் குறைத்துக் கொடுத்திருந்தாலும் காதை நன்றாகக் கொடுத்திருந்தார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தமாவோவின் குரலைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவாள். எடுத்த பிறகுதான் ஆச்சரியம். பள்ளிக்கூடமானாலும் ரயில் நிலையமானாலும் வேற்றுக்கிரகமானாலும், கூட்டத்துக்குள் தமாவோ ஒரே பெண்ணாகத்தான் பேசினாள். "குடைக் கம்பி உடைஞ்சிடுச்சு, புதுசு வாங்கணும்." "மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க, இப்ப நல்லாத் தூக்கம் வருது." அந்தக் குடைப் பேச்சு ஒளிபரப்பாகிப் பத்து நாளில், தொட்டோரியிலிருந்து நீளமான பொட்டலம் ஒன்று வந்தது. ஃபுசாயே அமுக்கிப் பார்த்தாள். குடை.

ஒருநாள் சாமுராய் காலத்துக் கதை ஒன்று. சந்தைக் கூட்டம் பதிந்துகொண்டிருந்தபோது ஹதானோ பாதியில் நிறுத்தினார்.

"தமாவோ, என்ன சொன்னே இப்போ?"

"ஒண்ணுமில்லையே சார்."

"மின்சார அடுப்பு கெட்டுப்போச்சுன்னு காதுல விழுந்துச்சு. சாமுராய் காலத்துல ஏதும்மா மின்சார அடுப்பு?"

"அதனாலதான் சார் கெட்டுப்போச்சு."

அதற்கு மேல் ஃபுசாயேவால் தாங்க முடியவில்லை. அன்று டீ ஊற்றும்போது கேட்டே விட்டாள்.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. கூட்டத்துல நின்னு நீங்க யாருக்குச் சேதி சொல்றீங்க?"

தமாவோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "சீட்டைப் படிச்சிட்டீங்க."

"அது மடிச்சு இல்லையேம்மா."

"அவர் மடிக்கவே மாட்டார் அக்கா. எதையும் மடிக்கத் தெரியாத மனுஷன்."

கென்சாகு அவள் ஊர்க்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே. அப்பா விட்டுப்போன பேரிக்காய்த் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். தமாவோ முதல்முதலாகக் கூட்டத்தில் பேசிய அனிமேயை ஊரில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்து பார்த்தார். சலசலப்புக்குள் அவள் குரலைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டார். அது அப்படியே வளர்ந்துவிட்டது. இவளுக்கு முப்பத்திரண்டு வயதானபோது, இரவல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு டோக்கியோவுக்கே வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குன்னு ஒரு எபிசோட் வரட்டும், அதுல பதில் சொல்றேன்னு சொன்னேன்."

"இதென்ன பதில்?"

"அப்படி ஒண்ணு வரவே வராதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல மனசு வரல. சரின்னா இதையெல்லாம் விட்டுட்டுப் போகணும். அதுக்கும் மனசு வரல." கோப்பையைக் கீழே வைத்தாள். "அவர் சரின்னுட்டார். ஆனா ஃபோன்ல சொல்லாதே, ஃபோன்ல நீ நடிப்பே, கூட்டத்துல பேசறப்போதான் நீ நடிக்கறதில்லே, அங்கேயே சொல்லுன்னார். நீ சொல்ற வரைக்கும் கொட்டகைக்கு ரெண்டாவது நாற்காலி வாங்கமாட்டேன்னும் சொல்லிட்டுப் போனார்."

அவர் வந்து கேட்டுப் பதினோரு வருஷம் ஓடியபோது, அந்த எபிசோட் வந்தது.

பள்ளிக்கூடக் காதல் கதை ஒன்று. நகைச்சுவை. அதில் கதாநாயகியின் தோழி சுஸுவுக்குத் தமாவோ குரல் கொடுத்தாள். தோழிக்காகக் கடிதம் கொண்டுபோவது, மழையில் குடை பிடிப்பது, கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொள்வது, இதுதான் சுஸுவின் வேலை. பார்க்கிறவர்களுக்கு என்னவோ அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஏழாவது எபிசோட் முழுக்க சுஸுவின் கதை. பள்ளி விழா நாளில், அத்தனை நாள் தோழிக்காகத் தூது போன அதே பையனிடம் தன் மனதைச் சொல்கிறாள். மூன்று நாள் கழித்து அவன் இல்லை என்று பதில் சொல்கிறான்.

ஜூன் மாதம், மழைக்காலம். பதிவு நாளன்று தமாவோ முகம் வெளுத்து வந்தாள்.

"என்னம்மா, சாப்பிடலையா?"

"தொண்டைக்குள்ள இறங்கல அக்கா." குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குப் பதில் சொல்லணும். என்ன பதில்னு எனக்கே தெரியல."

ஃபுசாயே தன் மதியச் சோற்று உருண்டைகளை எடுத்து நீட்டினாள். வெறும் வயிற்றோடு மைக் முன் போனால் வயிறு இரையும் சத்தம் பதிந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தமாவோ இரண்டையும் தின்றுவிட்டு உள்ளே போனாள். முதல் தடவையாக நடு மைக்கில் நின்றாள். ஃபுசாயே ஒலிபெருக்கியின் கீழே கைகூப்பிக்கொண்டு நின்றாள். யாருக்காக வேண்டுகிறோம், எந்தப் பதிலை வேண்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சரி என்றால் இவள் போய்விடுவாள். இல்லை என்றால் அந்த மனிதன் ஒற்றை நாற்காலியோடு கிடப்பான்.

பையன் இல்லை என்று சொல்லும் காட்சி வந்தது. சுஸு அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று. "இல்லைங்கறதைச் சொல்லவா மூணு நாள் ஆச்சு?"

தமாவோ பாதியில் நின்றுவிட்டாள்.

"மறுபடி" என்றார் ஹதானோ.

மறுபடியும் "சொல்லவா" என்ற இடத்தில் குரல் அறுந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. 

"என்னம்மா இது, இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவை தடுக்கி நான் பார்த்ததில்லே. வேணும்னா அழுதுடு. இந்த இடத்துல அழுகை பொருந்தும்."

"இவ அழமாட்டா சார். அவன் எதிர்ல அழமாட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். "மூணு நாள் காத்திருந்தவளுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான். போகலாம் சார்."

நாலாம் தடவை சொன்னாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.  ஒலிபெருக்கியில் ஹதானோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

இடைவேளையில் தமாவோ தாழ்வாரத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"மூணு நாளுக்கே அந்தப் பொண்ணு அப்படிக் கேக்கறா. நான் ஒருத்தரைப் பதினோரு வருஷம் நிக்க வச்சிருக்கேன். அவர் ஒரு வார்த்தை கேக்கல. நாற்காலியைப் பத்தி மட்டும்தான் எழுதுவார்." ஒரு காகிதத்தைக் கிழித்து எழுதினாள். "இதைக் கூட்டத்துல சொல்லிடறேன் அக்கா. விழாக் கடைத்தெரு சீன் ஒண்ணு இருக்கு."

அங்கேதான் சிக்கல் முளைத்தது. நாலாவது மைக்கை நோக்கி அவள் போனதும் ஹதானோ தடுத்துவிட்டார்.

"இன்னிக்கு நீ கூட்டத்துல கிடையாது."

"எப்பவும் நான்தானே சார் நிப்பேன்?"

"எப்பவும் உன் குரல் யாருக்கும் தெரியாது. இன்னிக்கு அரை மணி நேரமும் உன் குரல்தான். அதே குரல் பின்னால கடைத்தெருவிலயும் கேட்டா, பார்க்கறவன் சிரிப்பான். சின்னப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க. நீ வந்து என் பக்கத்துல உக்காரு, இன்னிக்கு நீ ராணி."

தமாவோ கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு எபிசோட் வந்தது. வந்ததனாலேயே கூட்டத்தில் நிற்கும் உரிமை போயிற்று. பதிலை எங்கே சொல்லச் சொல்லிக் கென்சாகு கேட்டிருந்தாரோ, அந்த இடம் ஒன்றுதான் அன்று அவளுக்கு இல்லை.

உள்ளே கூட்டம் பேச நின்ற ஐந்து பேரும் இருபது வயதுப் பிள்ளைகள். ஒத்திகை கேட்டுவிட்டு ஹதானோ முகத்தைச் சுளித்தார். "எல்லாம் பச்சைக் குரலா இருக்கே. விழாவுக்கு அம்மா அத்தையெல்லாம் வருவாங்கல்ல? ஒரு அத்தைக் குரல் வேணும்."

தமாவோ மெல்லத் திரும்பி, கதவுக் கண்ணாடி வழியாகத் துடைப்பத்தோடு நின்ற ஃபுசாயேவைப் பார்த்தாள். ஹதானோவும் பார்த்துத் தலையாட்ட, வெளியே வந்து அவளைக் கூப்பிட்டாள்.

"என்னாலயா? வேணாம்மா, வேணாம். எனக்கு வாய் வராது."

"ஒரே ஒரு வரி அக்கா." காகிதத்தை அவள் கையில் திணித்தாள். "வேற யாரையும் கேக்க முடியாது. மத்தவங்களுக்கு இது என்னன்னு தெரியாது."

ஃபுசாயே காகிதத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு மேலங்கியைக் கழற்றினாள், அது சரசரக்கும் என்று. ரப்பர் செருப்பையும் கழற்றினாள். இடதுகால் உறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. ஜிஸோ சாமியை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவே நாலாவது மைக்கின் முன் போய் நின்றாள்.

முதல் தடவை அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை குப்பை வண்டிக்காரரைக் கூப்பிடுவதுபோலக் கத்திவிட்டாள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அத்தை, பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி பேசுங்க" என்றார் ஹதானோ.

மூன்றாம் தடவை, தோட்டத்துக் கொட்டகை ஒன்றையும் அதில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனையும் நினைத்துக்கொண்டு பேசினாள்.

"இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்க. நான் வரேன்."

சொல்லி முடித்த மறுநொடி, அவள் வயிறு இரைந்தது. சின்ன இரைச்சல் இல்லை. சோற்று உருண்டை இரண்டையும் கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு, நீட்டி முழக்கியது. பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹதானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தமாவோ கையைத் தூக்கினாள். "நான்தான் சார். என் வயிறு. மன்னிக்கணும்."

ஹதானோ அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ இங்கே இருக்கே. மைக் அங்கே இருக்கு."

"கொஞ்சம் பெரிய வயிறு சார்."

எல்லோரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹதானோ சொன்னார். "இதையே வச்சுக்கலாம். கடைத்தெருவுக்குப் போய்ப் பசிக்காத அத்தை யாராவது உண்டா?"

ஆகஸ்டுக் கடைசியில் அது ஒளிபரப்பானது. நேரம் கெட்ட நேரத்தில் போட்டதால் ஃபுசாயே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசற்படியைப் பெருக்கினாள். தமாவோ வருவாள். டீ குடிப்பாள், படியைப் பார்ப்பாள், போவாள்.

"அவருக்கு உங்க குரலைத்தானேம்மா தெரியும். என் குரலை யாரோன்னு விட்டிருந்தார்னா?"

"தெரியல அக்கா."

ஒன்பதாம் நாள் வந்தது. ஒரு பெட்டி இல்லை, இரண்டு. சீட்டை ஃபுசாயே தொடவில்லை. தமாவோவை அழைத்து வந்து அவள் கையால் எடுக்கச் சொன்னாள். தமாவோ படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சீட்டை ஃபுசாயேவிடம் நீட்டினாள்.

"ஏழாம் வாரம், விழாக் கடைத்தெரு. குரல் உன்னுடையது இல்லை. பேச்சு உன்னுடையது. நாற்காலி வாங்கிவிட்டேன். அந்த அம்மா யார்? பசியோடு நிற்கிறார் என்று கேட்டது. இரண்டாவது பெட்டி அவருக்கு."

இரண்டு பெண்களும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பேரிக்காயைக் கடித்துக்கொண்டே சிரித்து அழுதார்கள். முதல் காயை ஃபுசாயே தனியாக எடுத்து வைத்தாள். அது தெருமுனைச் சாமிக்கு.

ஒப்புக்கொண்ட வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மார்ச்சில் தமாவோ ஊருக்குக் கிளம்பினாள். அவள் ஊரில் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வார்கள், பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்புங்கள் என்று. சொல்லிக்கொண்டிருந்தவருக்கு வயதாகிவிட்டதாம், இனி அவள் சொல்லப்போகிறாளாம். "அங்கே நான் ஒருத்திதான் அக்கா பேசணும். கூட்டமே கிடையாது. பயமா இருக்கு" என்று சிரித்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, டோக்கியோவுக்கு வந்தபோது கொண்டுவந்த மாதிரியே ஒரு பெட்டியோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஃபுசாயே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜிஸோ சாமிக்குக் கழுத்துத் துணி தைத்ததில் மிச்சமான சிவப்புத் துணியில் ஒரு சின்ன மணியைக் கோத்து வைத்திருந்தாள். அதைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டாள். இனி சத்தம் போட்டு நடக்கலாம் அல்லவா.

மாடிப்படிவரை கூடவே போனாள். மணி ஒவ்வொரு படிக்கும் கிணுகிணுத்தது. பாதிப் படியில் தமாவோ நின்று, உள்ளே பதிவு நடப்பதால் பழைய வழக்கப்படி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இனிமே இங்கே எது விழுந்து சத்தம் கேட்டாலும், நான்தான்னு சொல்லிடுங்க அக்கா. அவ்வளவு தூரம் வந்து என்னைத் திட்டமாட்டாங்க."